ஆறு வாரம் குளிக்காத நீர்நாய்

லூர்துராஜிடம் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்கள் மைசூரில் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். தேவராஜ மொஹல்லாவில் மூட்டை தூக்குகிறவர்கள் அவரைக் கண்டால் சுமையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, எப்போதோ உடைந்த கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரியின் பிளாஸ்டர் அறையில் அவருக்கு இது இருபத்தெட்டாவது வருடம். எலும்பை இழுத்துச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலை. அதன் பிறகு அது இம்மியும் நகராமல் பார்த்துக்கொள்வது லூர்துராஜின் பாடு. பஞ்சைச் சுற்றி, அதன் மேல் நனைத்த மாவுத்துணியைச் சுற்றி, இறுகும்வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார். இறுகும்போது மாவு சூடாகும். பயந்து முழிக்கிற குழந்தைகளிடம், "உள்ள இட்லி வேகுதும்மா, ரெண்டு நிமிஷம்" என்பார். கடைசியில் அழியாத பேனாவால் கட்டுப் போட்ட தேதியை எழுதுவார். பக்கத்திலேயே பிரிக்க வேண்டிய தேதி. பிறகு வெளியே தெரியும் விரல்களைத் தொட்டு, "அசைங்க பாக்கலாம்?"

மனைவி ஜூடித்தை அவர் முதலில் பார்த்ததும் அந்த அறையில்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்த கணக்கு டீச்சர். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார். ஏழாவது வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போய்விட்டார். அந்தக் கால் குளிர் நாட்களில் இன்றும் கொஞ்சம் இழுக்கும். "கட்டுப் போட்ட ஆளு சரியில்ல" என்று ஜூடித் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே மகள் ஜோவிதா. சின்ன வயதில் சனிக்கிழமை மத்தியானங்களில் அப்பாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்து மிருகப் படங்கள் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். ஒரு தீவு, இல்லையென்றால் பனியில் ஒரு முகாம். போன் வேலை செய்யாது. யாரோ தண்ணீரில் கொட்டிய மருந்தைக் குடித்துவிட்டு நண்டோ தவளையோ ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். கடைசிக் கால் மணி நேரம்வரை அதை முழுசாகக் காட்டமாட்டார்கள். காட்டினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமே! தவளையின் முதுகில் ஜிப் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு அடுத்தவர் தட்டிலிருந்து மொறுமொறுவென்று ஒரு நிப்பட்டு. ஜோவிதாதான் பெரும்பாலும் ஜெயிப்பாள்.

அவள் நர்சிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு, சினிமா எடுக்கப்போகிறேன் என்றாள். லூர்துராஜ் திட்டவில்லை. "திட்டியாவது தொலைச்சிருக்கலாம் நீங்க" என்று ஜூடித் பலமுறை சொன்னாள். மகள் இங்கேதான் வேலைக்கு வருவாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தவருக்கு, வீட்டில் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக அவர்களுக்கு நடுவே சாப்பாடு மட்டும்தான் ஓடியது. "சாப்டியா?" "ஆச்சு டாடி. நீங்க?" "ம்."

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, "முப்பத்தொண்ணு" என்று கூப்பிட்டதும், டோக்கனைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தவள் ஜோவிதா. லூர்துராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல டாடி. எனக்கு ஒரு மிருகம் வேணும்."

கன்னடப் படம். கையில் இருப்பதை வைத்து ஒன்பது பேர் எடுக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கீழே காவிரி நடுவில் ஒரு திட்டு. அங்கே மாட்டிக்கொள்ளும் நான்கு நண்பர்கள். மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையின் கழிவைக் குடித்து மனித உயரத்துக்கு வளர்ந்துவிட்ட நீர்நாய். அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் கண் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கை மாவு பூசிக்கிடந்தது.

"உள்ள இருக்கப்போற ஆளு என்ன ஹைட்டு?" என்றார் லூர்துராஜ்.

"அஞ்சடி நாலு. லாய்டுன்னு ஒரு டான்ஸர். பெங்களூர்ல இருக்கான்."

"சரி. ஆனா தண்ணியில எறக்கக் கூடாது. ஊறிடும்."

"டாடி! நீர்நாய் தண்ணியில எறங்காம எப்படி?"

"உன் நீர்நாய்க்கு ஆறு வாரம் குளியல் கெடையாது. பாறை மேலயே பயமுறுத்தட்டும்."

அவள் சிரித்தாள். அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

லாய்டுக்குப் பெங்களூரிலிருந்து வந்துபோக நேரமில்லை. ஜூடித்தும் ஐந்தடி நாலு. ஆகவே பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பழைய நைட்டி மேல் பஞ்சுச் சுருளோடு ஹாலில் நின்றாள், லூர்துராஜ் கட்டினார். ஒரு வாரம் கால்கள், ஒரு வாரம் முதுகு, ஒரு வாரம் கைகள். "தலைய மட்டும் கடைசியா வெச்சுக்குங்க, சீரியல் பாக்கணும்" என்றாள் அவள். மாவுக்கு மேல் பசை, அதற்கு மேல் மெத்தைக் கடையிலிருந்து வாங்கிய தேங்காய் நார், கொட்டாங்குச்சியில் செதுக்கிய பற்கள். பாகம் பாகமாகப் பிரித்து, தைத்து, பூட்டுகிற மாதிரி செய்தார். முடிந்த அன்று பார்த்தால் ஹால் மூலையில் சத்தியமாக ஒரு மிருகம் நின்றது. காலையில் பால் கொண்டு வந்த பசம்மா கூச்சல் போட்டதில் லூர்துராஜுக்கு ஒரே பெருமை.

படப்பிடிப்பின் கடைசி நாள் விடியற்காலையில் பரிசலில் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜூடித் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்தது. மற்ற காட்சிகளெல்லாம் எடுத்தாயிற்று. மிருகம் மட்டும்தான் பாக்கி. கேமராவைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட, மத்தியானம் அணையிலிருந்து தண்ணீர் விடப்போகிறார்கள், பாறைகளெல்லாம் மூழ்கிவிடும் என்று பரிசல்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் மிருகம் வந்தால் படம் உண்டு. வராவிட்டால் நான்கு பேர் காரணமில்லாமல் கத்திக்கொண்டு ஓடுகிற ஒன்றரை மணி நேரம்தான் ஜோவிதாவிடம் மிஞ்சும்.

லாய்டு ஒரு காலை நுழைத்தான். தொடையோடு நின்றது. கையை நுழைத்தான். தோளில் சிக்கியது.

"அங்கிள், ஹைட்டு கேட்டீங்க ஓகே. அகலம் கேட்டீங்களா?" என்றான் அவன். இரண்டு மாதமாக ஜிம்முக்கு வேறு போயிருக்கிறான்.

லூர்துராஜ் கண்களை மூடிக்கொண்டார். எந்தக் காலில் போட்டதோ அந்தக் காலுக்கு மட்டும்தான் கட்டுப் பொருந்தும். இருபத்தெட்டு வருடமாக எத்தனையோ பேருக்கு அவரே சொன்னதுதான். அளவு சரியாக இருக்கிறது என்று ஜூடித்தின் உடம்பு மேல் கட்டிவிட்டு, அதற்குள் இன்னொருவனைப் போகச் சொல்கிறார்.

ஜோவிதா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "பரவால்ல டாடி. சாப்டீங்களா?" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சாப்பாட்டுப் பேச்சுக்கு இன்னொரு முறை திரும்பிப் போக அவரால் முடியாது.

"ஜூடி," என்றார் திரும்பி. "உள்ள போ."

"நானா? சேசு மரி சூசை! எனக்கு அம்பது வயசுங்க!"

"நீர்நாய்க்கு வயசு யாருக்குத் தெரியும்? போம்மா."

பொருந்தியது, ஒரு நூல் பிசகாமல். தலையையும் மாட்டியாயிற்று. "மம்மி, வாங்க, அந்தப் பாறையிலேர்ந்து இங்க வரைக்கும்" என்றாள் ஜோவிதா.

மிருகம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"முட்டி மடங்கலடி," என்று கொட்டாங்குச்சிப் பற்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "கழுத்தும் திரும்பல. மூக்கு வேற அரிக்குது."

யாரோ சிரித்தார்கள். லூர்துராஜுக்கும் புரிந்துவிட்டது. கை பழக்கம். முட்டி, முழங்கை, கழுத்து என்று ஒரு மூட்டு விடாமல், எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுகிற மாதிரியே பூட்டி வைத்திருக்கிறார். ஆளை அசையாமல் வைப்பதைத் தவிர அவர் எதையும் செய்து பழகியதில்லை.

மணி ஒன்பதரை. அவர் பையிலிருந்து பிளாஸ்டர் கத்தரியை எடுத்து மிருகத்தின் காலடியில் மண்டியிட்டார்.

"பயப்படாதீங்க மேடம். தோல்ல படாது."

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க," என்றது மிருகம். "சொல்லிட்டுக் கால்ல ரெண்டு முடிய வெட்டினீங்க."

முட்டிகளை வெட்டித் திறந்து, இடைவெளியில் எலாஸ்டிக் துணியைச் சுற்றி நாரை ஒட்டினார். முழங்கை, கழுத்து. ஜோவிதா குனிந்து பசையை எடுத்துக் கொடுத்தாள். வலது கணுக்காலையும் வெட்டினார். இடதுக்கு வந்ததும் கத்தரியை மடக்கினார்.

"டாடி, இது?"

"இது கட்டோடயே இருக்கட்டும். பாறை வழுக்கும். இந்தக் கால் எனக்குத் தெரியும்."

பதினொன்றுக்குக் கேமரா ஓடியது. பனி கரைந்துகொண்டிருந்த நாணலை விலக்கிக்கொண்டு அது வந்தது. இடது காலை இழுத்து இழுத்து வந்தது. உள்ளே ஜூடித்துக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கையை நீட்டிப் பாறையைத் தட்டித் தடவிப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அது ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது. கதாநாயகி கத்த வேண்டிய இடத்தில் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மிருகம் உட்கார்ந்து, அவள் விட்டுப்போன செருப்பைத் தடவி எடுத்து, முகத்தருகே கொண்டு போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டது.

கேமராமேன் கவின்ராஜ் கொள்ளேகாலத்துக்காரன். படப்பிடிப்பில் தூங்கிவழிபவன் என்று பெயர் எடுத்தவன். "ஏனுங்க, எனக்குப் பயமாவும் இருக்குது, பாவமாவும் இருக்குதுங்க," என்று கிசுகிசுத்தான்.

ஜோவிதா 'கட்' சொல்ல மறந்து நின்றாள்.

குடைக்கு அடியில் சின்னத் திரையில் அதைத் திரும்பப் போட்டார்கள். அப்பாவும் மகளும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்தார்கள்.

"டாடி," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜிப் எங்க?"

லூர்துராஜ் தேடினார். முட்டி தெரியவில்லை. கழுத்து தெரியவில்லை. அது உட்கார்ந்து செருப்பை எடுக்கும்போது இடது உள்ளங்கால் ஒரு நொடி கேமராவைப் பார்த்தது. அதில், அவர் கையெழுத்தில், கட்டுப் போட்ட தேதி.

"அய்யய்யோ."

"எங்க? எங்க? ஓ!" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பக்கத்துல இன்னொரு தேதி இருக்கணுமே? பிரிக்கிற தேதி?"

"நீ எப்ப முடிப்பேன்னு சொல்லலியேம்மா. அதான் எழுதல." பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தொட்டார், ஏனென்று தெரியாமலே. "சேறு பூசி இன்னொரு தடவ எடுத்துரலாம்."

"வேண்டாம். இருக்கட்டும்." பிறகு அவரைப் பார்த்தாள். "டாடி, நான் காலேஜ் விட்டது..."

"ஆமா, அது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார் லூர்துராஜ். இரண்டு வருடமாகக் கிடைக்காத ஆரம்பம் அவ்வளவுதான். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா இது நல்லா இருக்குடி. நெஜமா நல்லா இருக்கு."

"ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா வாய மூடிட்டு இருந்துட்டு, நான் இதுக்குள்ள கெடக்கிறப்பதான் பேசக் கெடைச்சுதா?" என்று பாறையிலிருந்து மிருகம் குரல் கொடுத்தது. "தண்ணி வருது! என்னை வெளிய எடுங்க. போய்க் குளிக்கணும்!"

"ஆறு வாரம் ஆகல மேடம்," என்று சொல்லிக்கொண்டே லூர்துராஜ் கத்தரியோடு ஓடினார்.

தையலைப் பிரிக்க நேரமில்லை. இடது காலை வெட்டும்போது ஜோவிதா அதைத் தாங்கிப் பிடித்தாள். விரல்நுனி படாமல், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கட்டுப் போட்ட காலை எப்படித் தாங்க வேண்டும் என்று நர்சிங்கில் படித்தாளோ அப்படி. அவர் அதைப் பார்த்தார். கத்தரியை நிறுத்தவில்லை. நார் உதிர்ந்தது, மாவு விரிந்தது, ஜூடித்தின் வெளிறிய பாதம் வெளியே வந்தது.

"அசைங்க பாக்கலாம்?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.