மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அவரைப் பற்றி நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என் தம்பி கேட்டான். எழுத உட்கார்ந்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டையாம்பட்டியில் கூலிக்குத் தறி ஓட்டிய குடும்பத்தில் அப்பா பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, குமாரபாளையம் வந்து பிறர் தறியில் நின்றார். அம்மாவின் நகையும் அவரது பிடிவாதமும் சேர்ந்து பத்து விசைத்தறிகள் ஆயின. லுங்கி நெய்தோம். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குணத்தால் வீட்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கள் நூல் சாயப்பட்டறை மாமாவிடம் நிறம் ஏறும். பிறகு சைசிங் சித்தப்பாவின் ஆலையில் கஞ்சி போட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலாகி எங்களிடம் வரும். இருவரும் எங்களுக்குச் சொந்தமில்லை. தொழிலில் வந்த முறை. எங்களைப் போன்ற சின்னத் தறிக்காரருக்குக் கொஞ்ச நூலை வாங்கி வேலை செய்து தர வேறு ஆளில்லை. இருவரில் ஒருவர் கைவிட்டாலும் பத்துத் தறிகளும் நின்றுவிடும். அவர்களோ ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். பாவு அறுந்தால் கஞ்சி சரியில்லை என்பார் மாமா. சாயத்தில் நூல் வெந்துவிட்டது என்பார் சித்தப்பா. நடுவில் அப்பா, தம் பழைய மொபெட்டில்.

ஒருநாள் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். சித்தப்பா அறுந்த நூலைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "அந்தாளுகிட்டக் கேளுங்கண்ணா, நூலுக்குச் சாயம் போடறானா, சாம்பார்ல போட்டு வேக வெக்கறானா?"

அங்கிருந்து நேரே மாமாவிடம் போனோம். அப்பா முகம் மாறாமல் சொன்னார்: "சூட்டைக் கொஞ்சம் பாத்துக்கச் சொன்னாருங்க மச்சான். மத்தபடி உங்க கலரு மாதிரி எங்கயும் வராதுன்னு ஒரே பாராட்டுங்க."

திரும்பும் வழியில், "ஏனுங்கப்பா இப்புடிப் பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"பொய் இல்ல அம்மிணி. கோவம் தீந்தா அவரே இதைத்தான் சொல்லுவாரு. நான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிப்போட்டேன்."

இந்த அலைச்சலில் அம்மா போட்ட சோறு எத்தனை நாள் ஆறிப்போனது! அவரோ சர்க்கரை நோயாளி. நான் வணிக நிர்வாகம் படித்தவள். நிறுவனங்களுக்கிடையே உறவைப் பேணுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது. அதில் நல்ல மதிப்பெண் வேறு. அந்தத் திமிரில் மூவரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். நேரடியாகப் பேசிக்கொண்டால் குழப்பம் இராது என்று நினைத்தேன். காபி ஆறுவதற்குள் மாமாவின் குரல்பதிவும் சித்தப்பாவின் பதிலும் வந்துவிட்டன. இரண்டையும் இந்த மலரில் அச்சிட முடியாது. அந்த வாரம் முழுதும் பாவு வரவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தாலாவது எனக்கு மனம் ஆறியிருக்கும்.

கடைசியில் ஈரோட்டு மருத்துவமனையில் கிடந்தபோதும் இதே கதைதான். பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதும் மாமாவுக்குப் போன் போட்டு, "சைசிங் தம்பி உங்களை ரொம்ப விசாரிச்சாருங்க மச்சான்" என்றார். சித்தப்பா அப்படி எதுவும் விசாரிக்கவில்லை. நான் போனைப் பிடுங்கி வைத்தேன். இரண்டாம் நாள் அவர் போய்விட்டார். பிடுங்கியிருக்க வேண்டாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

கருமாதி முடிந்த வாரமே மறுபடி பாவு அறுந்தது. "அந்தச் சைசிங்காரன்கிட்டச் சொல்லு அம்மிணி" என்று மாமா தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு இதெல்லாம் ஆகாதுங்க மாமா. அவரு உங்களை ஒருநாளும் பாராட்டுனதில்லீங்க. அத்தனையும் அப்பா சொன்னதுங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பத்துத் தறியும் நின்றதென்றே நினைத்தேன்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா சாமி? அந்தாளு வாயில நல்ல வார்த்தை வருமா? உங்கப்பா வெயில்ல வந்து நின்னு அதைச் சொல்றப்ப அவரு மூஞ்சியில அத்தனை சந்தோசம். அதைக் கெடுக்க மனசு வருமா?"

அன்றே சித்தப்பாவிடமும் போய், மாமா பாராட்டியதாக அப்பா சொன்னதையெல்லாம் நம்பினீர்களா என்று கேட்டேன். "நானும் நம்புன மாதிரி தலைய ஆட்டிருவேன் அம்மிணி" என்றவர், வேறு பாவு மறுநாளே அனுப்புவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. மொபெட்டில் இப்போது நான் போகிறேன். அப்பாவைப் போல் எனக்குச் சோடித்துச் சொல்ல வராது. திட்டில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்கிறேன். தறிகள் ஓடுகின்றன.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், துக்கத்திலும் தறியை நிறுத்தாத எங்கள் தொழிலாளர்கள், துணை நின்ற உறவினர்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. மாமா, சித்தப்பா, உங்கள் இருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தம் பேச்சை நீங்கள் நம்பியதாகவே எண்ணிக்கொண்டு அப்பா கண் மூடினார். கடைசி வரை அவரை அப்படி எண்ண விட்டதற்கு நன்றி.

— மூத்த மகள்