ஏகாம்பரமும் கிணற்றுப் பட்டியலும்

திங்கட்கிழமை முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கார்டு காத்திருந்தது. "தம்பி ஏகாம்பரம் வெள்ளிக்கிழமை விஷஜுரத்தில் தவறிவிட்டான். உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னான்" என்று அவன் அண்ணன் எழுதியிருந்தார். வாலாஜாபாத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பும் எடுத்தேன். என்ன பாடம் என்று நினைவில்லை. இருபத்தாறு வயது. நல்ல தண்ணீர் இருந்தால் வராத நோய் என்கிறார்கள். அந்தத் தண்ணீர் காஞ்சிபுரத்தில் அவன் இருந்த பிள்ளையார்பாளையத்துக்கு இன்னும் வரவில்லை.

சென்னைக் கல்லூரியில் அவனோடு படித்தவர்களுக்கும், சின்ன காஞ்சிபுரம் வாசகசாலையில் அவனோடு சண்டை போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் வாசகசாலை தன் வெளிச்சுவர் நோட்டீஸ் போர்டை ஒப்படைக்கும். பொங்கல் வரை எங்கள் ராஜ்யம். நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், என் யோசனைப்படி இங்கிலீஷ் பத்திரிகையில் வெட்டிய இமயமலைப் படம், சுற்றிலும் பஞ்சு, மேலே வாழ்த்து. பசை ஏகாம்பரம் கொண்டுவந்தான். அவன் வீட்டில் தறிக்கான பட்டுப் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சி. மறுநாள் காலையில் ஓர் ஆடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி இமயமலையைத் தின்றுகொண்டிருந்தது. நான் கல்லெடுத்தேன்.

"வுடுப்பா. நம்ம போர்டைப் பாக்க அது ஒண்ணுதான் வந்துக்கினு இருக்குது" என்றான் ஏகாம்பரம்.

"நீதான் சொல்லேன், வேற என்ன போடறது?"

"கிணறு. எந்தக் கிணத்துல யாரு தண்ணி எடுக்கலாம், யாரு கூடாது. தெருத் தெருவா எழுதுவோம்."

நான் உற்சாகத்தில் குதித்தேன். பெரிய மனிதர்களைச் சந்திக்கு இழுக்கலாம் என்று மிராசுதார் கிணறு, கோயில் கிணறு என்று விரல் மடக்கத் தொடங்கினேன். அவன் அதற்குள் ஒரு தாளில் முதல் வரியை எழுதிவிட்டான்: "ஏகாம்பரம் வீடு, பிள்ளையார்பாளையம். சேரி ஜனங்கள் இறைக்கக் கூடாது." பென்சிலை என்னிடம் நீட்டினான். "இப்ப உன் வூடு."

என் வீட்டுக்கு அவன் கொல்லைப்புறமாக வருவான். நான் செம்பைத் தூக்கி ஊற்ற, கைகளைக் குவித்துக் குடிப்பான். மூன்று வருஷம் இப்படி. சென்னைக் கூட்டங்களில் சாதியைத் தொண்டை கிழியத் திட்டியவன் நான். அவன் ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நீயே எழுதேன்" என்றேன்.

"நான் எழுதினா கோள் சொன்ன மாதிரி இருக்கும்பா. நீ எழுதினாத்தான் அது நெசம்."

அப்பா வாசகசாலைக் கமிட்டியில் இருந்தார். கோபித்துக்கொண்டு படிப்பை நிறுத்தினால் நான் தொலைந்தேன். பென்சிலை வாங்கிக்கொண்டேன். பிறகு எழுதினேன்: "என் வீடு, சின்ன காஞ்சிபுரம். ஏகாம்பரம் இறைக்கக் கூடாது."

தாளைப் போர்டில் ஒட்டினோம். மத்தியானத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. "இன்னாப்பா, சாமி வூட்டுப் பிள்ளை தன் வூட்டையே காட்டிக் குடுத்துட்டாரு!" என்றார் ஒருவர். "நம்ம ஏகாம்பரம் மட்டும் இன்னாவாம்? மேல பாரு" என்றார் இன்னொருவர். சாயங்காலம் அப்பா வந்து கிழித்தார். "ஆத்து விஷயத்தைத் தெருவிலே ஒட்டுவாளோடா?" அவர் என் படிப்பை நிறுத்தவில்லை, என்னோடு பேச்சை நிறுத்தினார். எங்கள் கிணறு மாறவில்லை. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஏகாம்பரம் வீட்டில் மாறியது. மறுநாளே சேரியிலிருந்து ஓர் அம்மாள் குடத்தோடு வந்து வாசலில் நின்றாளாம். "எழுதினவன் இறைச்சு ஊத்தட்டும்" என்று அவன் தாயார் உள்ளே போய்விட்டார். விடுமுறை முடியும்வரை இறைத்து ஊற்றினான். அவன் சென்னைக்கு ரயிலேறிய பிறகு அந்த அம்மாள் தானே இறைத்துக்கொண்டாள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்து நீட்டப் பத்துக் கை வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு வருஷம் அவர்கள் பாவுக்குக் கை கொடுக்க வரவில்லை. ஒவ்வொரு லீவிலும் அவனே வந்து பிடித்தான். "கை காய்ச்சுப் போச்சுப்பா" என்று சிரித்தானே தவிர, எழுதியிருக்க வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நான் அவனுக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பான். இப்போது சொல்கிறேன். ஊரைத் திட்டுமுன் என் வீட்டை எழுதிப் பார்க்கும் பழக்கம் அவன் கொடுத்தது. அதுதான் அவனிடமிருந்து என்னிடம் இருப்பது.

வாலாஜாபாத்தில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் இப்போது எல்லோரும் இறைக்கிறார்கள். அதனால் தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். செய்வேன். அதுவரை கொல்லைக் கதவைத் தாழிடுவதாக இல்லை.