ஒயர் பிரிக்கும் மாதேஸ்வரன்

மைக்செட் போடும் காரவள்ளி மாதேஸ்வரன் காலால் ஒயரைத் தள்ளியபடியே நடக்கிறார். கரண்டு ஒயர் மைதானத்தின் ஓர் ஓரம், மைக் ஒயர் மறு ஓரம். சந்தித்தே தீர வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றை மற்றொன்றுக்கு நேர் குறுக்காகத் தாண்டவிட்டு, நடுவே பலகைத் துண்டு செருகுகிறார். யாராவது நெருங்கினால் போதும்: “மிதிச்சீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்!”

காரணம் கேட்டால் அதற்கும் கோபம். “கரண்டு ஒயர் சும்மா கெடக்குதுன்னு நெனச்சியா? பக்கத்துல படுத்தா அதோட ஒறுமலை மைக் ஒயர் குடிச்சுப்போடும். அப்பறம் பேசறவன் வாயில வண்டுதான் பறக்கும்.”

மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. நகத்தால் அதைச் சுரண்டச் சொல்லி, ஒலிபெருக்கிக் குழாயின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “ஊட்டுல ஈ பறந்தாக்கூட எந்திரிச்சு ஒயரைத் தேடறாருங்க” என்கிறாள் மனைவி அத்தாயி.

சென்ற மாதம் மலைமேல் திருப்புலி நாட்டில் கூட்டம். ரோடு அளக்க வந்த காண்ட்ராக்டர் ஆட்கள் பொன்னம்மாளின் மிளகுக் கொடிகளை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களான நாட்டார் முன் அவள் வெட்டியவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும், நேரில் கண்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அப்போதுதான் எழுதிக்கொள்வேன் என்றார் விசாரிக்க வந்த அதிகாரி.

பொன்னம்மாள் வாயைத் திறந்தாள். குழாயில் உறுமல்தான் வந்தது. காண்ட்ராக்டர் ஆட்கள் சிரித்தார்கள். “ஒண்ணும் கேக்கலையே, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்று அதிகாரி எழுந்தார்.

மாதேஸ்வரன் ஒயர் வழியே ஓடினார். அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் யாரோ இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மரத்துக்கு மரம் நாரால் அழகாகக் கட்டியிருந்தார்கள்.

“எந்த நாயி கட்டுனது?”

“நாந்தானுங்க” என்றாள் பொன்னம்மாள் மேடையிலிருந்து. “புள்ளைங்க கால்ல சிக்குமேன்னு…”

“இதென்ன மொளகுக் கொடியா, மரத்துல ஏத்தி உட?”

“எம்பட மொளகுக் கொடிதான் போயிருச்சே! அதைச் சொல்லத்தான் இங்க நிக்கறேன். நீங்களும் கத்துனா நான் எங்க போயிக் கத்தறது?”

மாதேஸ்வரன் மரம் மரமாகப் போய் நாரை அறுத்தார், மைக் ஒயரைப் பிரித்து உருவினார். கீழே போட இடமில்லை, தரையெங்கும் சனம். கூட்டத்துக்கு நடுவிலிருந்த பாறைமேல் ஏறி, ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். உறுமல் அடங்கியது.

“இப்பப் பேசு!” என்று அதட்டினார்.

பொன்னம்மாள் பேசினாள். பெயர் பெயராகச் சொன்னாள். பின்வரிசையில் குழந்தைசாமி எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அதிகாரி மறுபடி உட்கார்ந்தார்.

“ஏனுங்க, மறைக்குது, எறங்குங்க” என்றது ஒரு குரல்.

மாதேஸ்வரன் திரும்பவில்லை. வலது கையை முழங்கையில் இடது கையால் தாங்கி, ஒயரை இன்னும் ஒரு பிடி உயர்த்தினார்.