கழனியில் தொங்கிய காதுகுத்து

சூடேறிய பிளாஸ்டிக்கோடு விபூதியும் சாம்பிராணியும் கலந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள்... ஏம்பலத்தில் எங்கள் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கூடம் முழுக்க அந்த வாசனைதான்.

ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை அங்கே கம்ப்யூட்டருக்கும் உண்டு. பட்டை பட்டையாக விபூதி, சந்தனம், குங்குமம், மாலை. மாமா கொஞ்சம் தாராளமான பக்தர். சிபியூ பெட்டியில் காற்றுப் போவதற்கு விட்டிருந்த ஓட்டைகளைக்கூட அவர் பாக்கி வைக்கவில்லை.

வேகமா? ஸ்விட்சைத் தட்டிவிட்டு வில்லியனூர் போய் மீன் வாங்கி வந்து, ஆய்ந்து, குழம்பு வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தால்... அப்போதுதான் 'வெல்கம்' என்று வரும். நாற்று விட்ட அன்று ஆன் செய்தால் அறுவடைக்குள் திறந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் புதுசு வாங்கச் சொன்னாராம். அக்கா எனக்கு போன் போட்டாள். அந்தக் காலத்தில் பாகூர் முதல் வில்லியனூர் வரை கணினி உலகின் முடிசூடா மன்னன் நான். முடிசூட்டிக்கொண்டதும் நானேதான். பைசா செலவில்லாமல் ராக்கெட் ஆக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பிப் போனேன்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இன்னா வேணா பண்ணிக்கடா. பாப்பா காதுகுத்து ஃபோட்டோ மட்டும் பூட்ச்சின்னா, இந்த வூட்டுப் பக்கமே வராத."

அந்தப் படங்கள் வேறெங்கும் கிடையாது. மாமாவின் தங்கை பிரான்சிலிருந்து வந்தபோது எடுத்தவை. படங்களை இந்தக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, கேமராவைக் காலி செய்துகொண்டு விமானம் ஏறிவிட்டாள்.

நான் விடுவேனா? முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு சிடியில் ஏற்றினேன். பேக்கப்! சிடியின் மேல் பெயர் எழுத மார்க்கர் இல்லை. அதனால் என்ன... மன்னர்கள் அதெல்லாம் எழுதுவதில்லை. டிவி மேல் வைத்தேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன திருநீற்று மலை! ஃபேன் சுற்ற இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். எழுந்த புகையில் எதிர் வீட்டுக்காரர் என்ன பூஜை என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூடி ஆன் செய்தால்... ஓடியது. நன்றாகவே ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் ராக்கெட் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. ஃபார்மேட் அடித்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தேன். விண்டோஸ் புதுசாக ஏறியது. கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. வெற்றிப் பார்வையோடு டிவி பக்கம் திரும்பினேன்.

சிடி இல்லை.

அந்த நேரம் மாமா கழனியிலிருந்து உள்ளே வந்தார்.

"மாமா, டிவி மேல ஒரு சிடி இருந்துச்சே?"

"அதுவா... நீ போடறதுதானன்னு எடுத்துனு போயிக் கட்டிட்டேன் மச்சான்."

தப்பு அவர் மேல் இல்லை. கதிர் முற்றும்போது குருவி இறங்காமல் இருக்கக் கழனியில் சிடி கட்டச் சொல்லிக்கொடுத்த விஞ்ஞானி நானேதான். வீணாய்ப்போன சிடிகளை டிவி மேல்தான் வைத்துவிட்டுப் போவேன். மனுஷன் வழக்கப்படி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகத் தெருவில் இறங்கினாள்.

ஓடினோம். கழனி முழுக்க சிடி. வரப்போரம் கட்டிய கயிற்றில் வரிசையாக ஆடிக்கொண்டு, வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டு... எல்லாம் ஒரே மாதிரி.

"எத்த மாமா கட்டினீங்க?"

"கட்றவன் நம்பர் போட்டா கட்டுவான்? எல்லாம் பளபளன்னுதான்யா இருக்குது."

"ஓட்டை கீட்டை போட்டீங்களா?"

"அதான் கம்பெனிக்காரனே நடுவுல போட்டு அனுப்பறானே!"

அத்தனையையும் அவிழ்த்துக் கூடையில் அள்ளி வந்தோம். நான் ஒவ்வொன்றாகக் கழுவி, கைலியில் துடைத்துப் போட்டேன். டிரைவ் 'க்ரீச்... க்ரீச்...' என்றது. ஒன்றும் வரவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. அக்கா பின்னாலேயே நின்றாள். பதினெட்டாவது சிடியோ பத்தொன்பதாவதோ... மெல்ல ஒரு ஃபோல்டர் திறந்தது.

பந்தல், மேளம், சீர்த்தட்டு, மொட்டைத் தலையோடு பாப்பா... எல்லாம் வந்தது. ஒரே ஒரு படத்தைத் தவிர. தாய்மாமன் மடியில் பாப்பாவை உட்கார வைத்துக் காது குத்தும் அந்த நிமிஷம். மேல் பாதி சுத்தமாக இருந்தது. கீழ்ப் பாதி சாம்பல் கலர் பட்டை. மடியும் இல்லை, பாப்பாவும் இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொழந்த பூட்டா. இந்த மூஞ்சி மட்டும் போவல பாரு..."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது. எதிர் வீட்டிலிருந்து மார்க்கர் வாங்கி வந்து, அந்த சிடியின் மேல் அவளே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'கழனிக்கு இல்ல.'

இப்போதெல்லாம் போன் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்கிறது. மழை, வெயில், குருவி, மாமா... யாராலும் ஒரு படத்தையும் தொட முடியாது. காது குத்திக்கொண்ட பாப்பா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் போனில் பல்லாயிரம் படங்கள். இடமில்லை, எதை அழிப்பது என்று போன மாதம் என்னிடமே கேட்டாள்.

அந்த சிடி இன்னும் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க அந்த வீட்டில் ஒரு மிஷினும் இல்லை.

கதிர் முற்றுகிற நேரம். நேற்று மாமா போன் செய்தார். "எங்கியும் சிடியே கெடைக்கல மச்சான்... வூட்ல அந்த ஒன்னு சும்மாதான இருக்குது?"

பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது. "எழுதி இருக்கறத படிக்கச் சொல்லு!"