ரத்துக் கட்டணம்

ஊருக்குப் போவதென்றால் எங்கள் குடும்பத்தில் இரண்டு ரயில்களில் டிக்கெட் எடுப்பார்கள். ஒன்று உறுதியானதும் மற்றதை ரத்து செய்வார்கள். பம்பாயில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற பாலக்காட்டு ஆபீஸ் குடும்பங்களில் இதை யாரும் அற்பத்தனமாக நினைப்பதில்லை, முன்யோசனை என்பார்கள். ரத்துக் கட்டணம் போனால் போகிறது, கையில் ஒன்று இருக்கிறதே என்ற நிம்மதி. இந்தப் பழக்கத்தை ஒரு பெண்ணின் படிப்புக்குள்ளும் கொண்டுபோக முடியும் என்று என் தம்பி காட்டினான்.

தம்பி மகள் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர ஆசைப்பட்டாள். அவள் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைப்பதில் சிக்கல் இல்லை. பெற்றவர்களுக்கோ அவள் இன்ஜினியர் ஆகவேண்டும். அவள் வாயைத் திறந்து சொன்ன நாளிலிருந்து செம்பூரில் அவர்கள் ஃப்ளாட்டில் வேறு பேச்சு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். ஆலோசனை கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாட்சிப் பொருளாக வரவழைத்திருக்கிறார்கள் என்பது காபி வந்த பிறகுதான் புரிந்தது.

"அக்கா கோச்சுக்கப்படாது. ஒரு எக்ஸாம்பிளுக்குத்தான் சொல்றேன்," என்று தம்பி ஆரம்பித்தான். "நீ எம்.எஸ்ஸி. மேத்ஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ். ரிடயர் ஆறச்சே என்னவா இருந்தே?"

"செக்‌ஷன் ஆபீசர்."

"பாத்தியா?" என்று மகளிடம் திரும்பினான், ஏதோ எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டிய டாக்டர் மாதிரி.

ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில், மாணவர் தகுதிச் சான்றிதழ் தரும் பிரிவில் என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. யார் எந்தப் படிப்பிலிருந்து எந்தப் படிப்புக்குத் தாவலாம், எதற்கு எந்தக் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் படித்த கணக்கு அங்கே உதவியது தீபாவளி முன்பணத்தைப் பத்துத் தவணையாகப் பிரிப்பதற்கு மட்டும். தம்பி சொன்னதில் பொய் இல்லை. அருவருப்பாக இருந்தது வேறு விஷயம்: மிக்சர் தட்டை நீட்டிக்கொண்டே ஒருத்தியின் வாழ்நாளை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்களே, அது.

செலவை எடுத்துக்கொண்டாலாவது கணிதம் ஜெயிக்கும் என்று நினைத்தேன். அரசு உதவி பெறும் கல்லூரி. அங்கே மூன்று வருடத்துக்கு ஆகும் கட்டணம், தனியார் பொறியியல் கல்லூரியின் ஒரு செமஸ்டருக்குப் போதாது. அதைச் சொன்னேன். தம்பி மனைவி சிரித்தாள்.

"அவ்வளவு சல்லிசா கொடுக்கறான்னா அதுல என்ன இருக்கப் போறது, அக்கா?"



ஏற்கெனவே ஒரு ஆலோசகரிடம் காசு கொடுத்து யோசனை வாங்கியிருந்தார்கள். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஏ.சி. அறை, சுவரில் சிரிக்கிற பிள்ளைகளின் படம். கணிதம் படித்தால் பள்ளிக்கூட டீச்சர் ஆகலாம், டியூஷன் எடுக்கலாம், வங்கிப் பரீட்சை எழுதலாம். போட்ட பணத்துக்குத் தகுந்த பலன் வராது என்று அந்த ஆள் வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொடுத்திருந்தான். அவனே ஒரு பொறியியல் கல்லூரிக்குச் சிபாரிசும் செய்தான். அந்தக் கல்லூரி அவனுக்கு என்ன கொடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையாம்.

பெண்ணிடம் கேட்டேன், "உனக்கு ஏன் கணக்கு?"

"அதுல மட்டும்தான் அத்தே, 'சலோ, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அன்று அந்த அறையில் பேசப்பட்டதில் அர்த்தமுள்ள வாக்கியம் அது ஒன்றுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

"ரெண்டுலயும் போட்டு வெப்போம்," என்று தம்பி தீர்ப்பு சொன்னான். "எது வேண்டாமோ கான்சல் பண்ணிண்டா போச்சு."

அடுத்த வாரமே வாஷிக்கு அப்பால் இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் முன்பணம் கட்டினான். கூடவே பெண்ணின் அசல் மதிப்பெண் பட்டியலையும் பள்ளி கொடுத்த லீவிங் சர்டிபிகேட்டையும் ஒப்படைத்துவிட்டு வந்தான். அசல் இல்லாமல் மாட்டுங்காக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று பிறகு நான் சொன்னபோது, அவனுக்குப் பதற்றமே இல்லை.

"அவா கேட்டா, கொடுத்தேன். எங்கிட்ட ஜெராக்ஸ் பத்து செட் இருக்கே."

ரயில்வேகாரன் டிக்கெட் கொடுக்கும்போது நம் அசலை வாங்கிப் பூட்டி வைப்பதில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மாட்டுங்காப் பட்டியலில் பெண்ணின் பெயர் வந்தது. மறுநாள் மாலை கவுன்ட்டர் மூடுவதற்குள் அசல்களோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. தம்பிக்கு ஆபீசில் ஆடிட்டாம். "நீ வேணா போய்க் கேட்டுப் பாரு அக்கா. கொடுத்தா சரி. கொடுக்கலேன்னா பகவான் விட்ட வழி," என்றான். பகவான் எந்தப் பக்கம் விடவேண்டும் என்று அவன் விரும்பினான் என்பது குரலிலேயே தெரிந்தது.

காலையிலேயே நானும் அவளும் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வாஷியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கல்லூரிக் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே செயற்கை நீரூற்று. பணம் கட்டும் கவுன்ட்டர்கள் வரிசையாக இருந்தன. திருப்பிக் கொடுப்பதற்கு மூலையில் ஒரு ஜன்னல், அதிலும் ஆள் இல்லை.

பக்கத்து நாற்காலியில் மகனுக்குக் கட்டணம் கட்ட வந்த ஒருவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறாராம். பேச்சு சுத்தத் திருநெல்வேலி.

"எல்லாரும் சேக்க வாராவ, நீங்க எடுக்க வந்திருக்கியளே? எதுல சேக்கப் போறிய?"

"கணக்கு."

"கணக்கு படிச்சா என்னம்மா ஆவாவ?"

"என்னை மாதிரி ஆவா."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், நல்லாத்தான இருக்கிய?"

ஞாயிற்றுக்கிழமை விசாரணையில் இந்தக் கோணம் யாருக்கும் எட்டவில்லை.

ஒருவழியாக ஜன்னலில் ஒரு இளைஞன் வந்து உட்கார்ந்தான். "சாப் நஹீ ஹை. கல் ஆயியே," என்றான்; அதிகாரி இல்லையாம், நாளைக்கு வரவேண்டுமாம். சாப் இல்லாத நாளில் பணம் மட்டும் எப்படி வாங்குகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டேன். மாணவர் விலகினால் அசலைத் திருப்பியே ஆகவேண்டும் என்ற விதியைச் சொன்னேன். தரமுடியாது என்றால் காரணத்தை எழுதி, முத்திரை வைத்துக் கொடு, நான் காத்திருக்கிறேன் என்றேன். எழுதிக் கொடு என்ற சொல்லுக்கு அலுவலகங்களில் உள்ள மரியாதை கடவுள் பெயருக்குக் கிடையாது. அவன் உள்ளே போய் வந்து ஒரு படிவத்தை நீட்டினான். தந்தை கையெழுத்து இல்லாமல் முடியாது என்றான்.

தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"இப்போ எப்படிக்கா வரது? விட்டுடேன். பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

"பதினெட்டு ஆயிடுத்தா?"

"போன மாசம்தானே கேக் வெட்டினோம்? நீயும்தான் வந்திருந்தே."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பெற்றோர் கையெழுத்து மைனருக்கு. இவள் மேஜர், இவளே போடுவாள் என்று ஜன்னலில் சொன்னேன். இளைஞன் ஆதார் அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி உள்ளே போனான். திரும்பி வந்து பேனாவை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் உடனே போடவில்லை.

"அத்தே, நெஜமா சொல்லுங்கோ. கணக்கு படிச்சதால உங்களுக்கு ஏதாவது கெடச்சுதா?"

இவளுமா! வீட்டில் ஊட்டி வளர்த்த கேள்வி, வேறெங்கே போகும்? நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆலோசகனும் அதைத்தான் செய்கிறான், கட்டணம் வாங்கிக்கொண்டு.

"ஒண்ணும் கெடைக்கல."

"சரி," என்று கையெழுத்துப் போட்டாள்.

அசல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தன. கட்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வோம், மீதி பிறகு வரும் என்றார்கள். அதற்கும் முத்திரையோடு ரசீது வாங்கினேன். குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்கா போனோம். அவள் உறையை மடியில்கூட வைக்கவில்லை; இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டே வந்தாள். கவுன்ட்டர் திறந்திருந்தது. அங்கேயும் ஒரு அம்மாள், ஸ்டாட்டிஸ்டிக்ஸில் இடம் இருக்கிறது, அதற்கு ஸ்கோப் அதிகம், மாற்றித் தரட்டுமா என்று கரிசனமாகக் கேட்டாள். வேண்டாம் என்று பெண் ஒரே வார்த்தையில் முடித்தாள்.

சாயங்காலம் செம்பூரில் தம்பி வாசல் கதவைத் திறந்தான். கிடைத்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"கான்சலேஷனுக்கு எவ்வளவு பிடிச்சுண்டான்?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா!" அவன் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்து மனைவியிடம் சத்தமாகச் சொன்னான். "பாத்தியா, ரெண்டுலயும் போட்டு வெச்சது நல்லதாப் போச்சு. இல்லேன்னா இன்னிக்கு இவ கணக்கு எப்படி எடுத்திருப்பா?"

பெண் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே மாட்டுங்காவில் என் வீட்டுக்குத் திரும்பினேன்.