பத்தாவது ஹேண்டிகேப்

கோல்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப் போடுகிறவன் வேலை, ஒரு பந்தையும் தொடாமல் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற வேலை.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் குமாஸ்தா. செந்துறையிலிருந்து தினமும் பஸ். ஆலைக்குச் சொந்தமான ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தின் கணக்கும் என் தலையில் விழுந்தது. யாரோ செய்ய வேண்டிய வேலை, "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று உங்கள் மேசைக்கும் வந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பெரிய எண், சின்ன எண்

மைதானத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பொங்கல் முடிகிறபோது முறையான ஹேண்டிகேப்போடு பத்து உறுப்பினர்களாவது இல்லையென்றால் நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் அந்தச் சாம்பல் தூசிக்கு நடுவே பச்சையாக இருப்பது அது ஒன்றுதான். போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஹேண்டிகேப் என்பது கற்றுக்குட்டிக்குக் கொடுக்கும் சலுகை. ஒன்பது குழியையும் இரண்டு சுற்று சுற்றினால் ஓர் ஆட்டம். நன்றாக ஆடுகிறவர் அதை எழுபத்திரண்டு அடியில் முடிப்பார். புதியவர் மூன்று ஆட்டத்தில் அடித்த அடிகளைக் குழிவாரியாக எழுதிய அட்டைகளைத் தர வேண்டும். அவற்றில் ஆகக் குறைந்த எண்ணிலிருந்து எழுபத்திரண்டைக் கழித்து, மேலும் இரண்டைக் கழித்தால் அவருடைய ஹேண்டிகேப். போட்டியில் அடித்த அடியிலிருந்து அந்த எண்ணைத் தள்ளிவிடுவார்கள்; மிச்சம் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. சுமாராக ஆடுகிறவருக்குப் பெரிய எண், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினேன். எங்கள் ஜி.எம். நின்று படித்துவிட்டுச் சொன்னார்: "பெரிய எண்ணுக்கெல்லாம் வேற ஆளப் பாருய்யா. எனக்குப் பன்னெண்டு போட்டுக்க."

அஞ்சுக்கு மேல் இல்லை

ஒருவரின் அட்டையை அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்தான் எழுத வேண்டும். ஜி.எம்முக்கு எழுதியவர் ஒரு ட்ரெய்னி இன்ஜினியர். மணல் பள்ளத்தில் மட்டும் ஜி.எம். ஒன்பது அடி அடித்ததை நானே நின்று எண்ணினேன். அட்டையில் அந்தக் குழிக்கு ஐந்து. மற்ற குழிகளிலும் நாலு, ஐந்து, ஐந்து. மூன்று அட்டையும் எண்பத்தாறு. கணக்குப் போட்டால் பிசகாமல் பன்னிரண்டு. இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு இன்னும் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வரலீங்க சார். அது வர்ற வரைக்கும் அஞ்சுக்கு மேல என் பேனா எழுதாது."

சலீம் பாயின் வெற்றுக் கட்டங்கள்

சலீம் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் நெடுநாள் இருந்துவிட்டுத் திரும்பியவர், எங்கள் வெளி உறுப்பினர். அவர் அட்டையில் நாலு குழிக்கு எண்ணே இல்லை. பந்து கருவேலங்காட்டுக்குள் போய்விட்டதாம், அதோடு அந்தக் குழியை விட்டுவிட்டாராம். புதியவர் ஒரு குழியை முடிக்காவிட்டால், அந்தக் குழிக்கென்று நிர்ணயித்த அடியோடு ஐந்தைக் கூட்டி எழுதலாம் என்று விதியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "தம்பி, அடிக்காத அடியை அடிச்சேன்னு எழுதச் சொல்றீங்க. மறுமையில அதுக்குப் பதில் சொல்லப் போறது நீங்களா, நானா?"

ஃபெயில்னா ஃபெயில்

கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேரைத் தேற்றினேன். சலீம் பாயும் ஒரு குழி விடாமல் மூன்று முறை ஆடிக் கொடுத்தார். பத்தாவதாக வந்தவர் ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சி ஊர், எங்கள் லேபில் கெமிஸ்ட். நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு, நூற்று இருபத்தாறு என்று மூன்று அட்டை. பந்தில் படாமல் வீசியதைக்கூட ஓர் அடியாகச் சொல்லி எழுத வைத்திருந்தார். ஹேண்டிகேப் ஐம்பத்திரண்டு. அந்த அட்டைகளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய எண் பரவாயில்லையா என்று கேட்டேன். "லேப்ல சாம்பிள் ஃபெயில்னா ஃபெயில்னுதானேண்ணே எழுதுறோம்? இதுல மட்டும் என்ன வெக்கம்?" என்றார்.

கோப்பை

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு போட்டி. மேரி ஒரு மாதமாக ஷிஃப்டுக்கு முன்னால் வந்து பழகியிருந்தார். அன்று நூற்றுப் பத்தொன்பது அடி. ஐம்பத்திரண்டு போக அறுபத்தேழு. ஜி.எம்மின் அடிகளை அன்று விருந்தாளியாக ஆட வந்த ஒரு வெளியூர்க்காரர் எண்ணியதால் நூற்று நாலு. பன்னிரண்டு போகத் தொண்ணூற்றிரண்டு. கோப்பை மேரிக்குப் போனது.

அன்று மாலையே மைதானக் கமிட்டி கூடி, மேரி வேண்டுமென்றே பெரிய எண் வாங்கி ஏமாற்றிவிட்டார் என்றது. புதியவர் இப்படித்தான் சட்டென்று தேறுவார், இந்த நாலாவது அட்டையைச் சேர்த்தாலே, நாலு அட்டைக்கு இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் கழிப்பு என்றாலும், ஐம்பத்திரண்டு நாற்பத்தாறாக இறங்கிவிடும், கணக்கே பார்த்துக்கொள்ளும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. முப்பது என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் மேரி கோப்பையையும் விலகல் கடிதத்தையும் என் மேசையில் வைத்தார். இவர் போனால் பட்டியலில் ஒன்பது பேர்தான், மைதானமே போய்விடும் என்று கெஞ்சினேன். "கோவமெல்லாம் இல்லண்ணே. நான் ஆடாத ஆட்டத்துக்கு எண் போட்டுட்டீங்க. அத நீங்களே ஆடிக்கங்க."

மேரியின் அட்டைக்குப் பிறகு அந்த மைதானத்தில் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்பட்ட ஒரே எண், பொங்கல் கழிந்து மைன்ஸ்காரர்கள் வெடி வைக்கப் போட்ட துளைகளின் எண்ணிக்கைதான்.