குல்சும் தேடிய வார்த்தை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் டைப்பிங் கடை வைத்திருந்தபோது எனக்கு வாய்த்த கூட்டாளி குல்சும். நான் கோபக்காரி. யாராவது கசங்கின காகிதத்தை நீட்டினால் அவர் எதிரிலேயே முகத்தைச் சுளிப்பேன். குல்சும் எனக்கு நேர் எதிர். வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர் பேர் விசாரித்த பிறகுதான் காகிதத்தையே கையில் வாங்குவாள். இவளோடு சேர்ந்து கடை நடத்தினால் விளங்கின மாதிரிதான் என்று ஆரம்பத்தில் நினைத்தேன்.

அவள் வாணியம்பாடிக்காரி. வீட்டுப் பேச்சு உருது, படிப்பு பி.ஏ. இங்கிலீஷ். தொண்ணூற்றைந்தில் லப்பைக்குடிகாட்டு அன்சாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புகுந்த வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அன்சார் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனதும், "படிச்ச படிப்பைப் பொட்டியிலயா பூட்டி வைக்கப் போற?" என்று மாமியாரே அவளை வெளியே கிளப்பி விட்டார். எங்கள் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் அந்த வீடுகளிலிருந்தும் ஆட்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். குடும்ப விசாவுக்குத் தேவையான அவர்களுடைய நிக்காஹ் பத்திரங்கள் உருதுவில் இருந்தன. குல்சும் அவற்றை இங்கிலீஷில் எழுதித் தருவாள், நான் டைப் அடிப்பேன்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷில் எழுதி முடித்ததும், அதை அப்படியே தமிழில் திருப்பி வந்தவருக்குச் சொல்லுவாள். "நீங்க சொல்ல வந்தது இதுதானா?" என்று கேட்பாள். அவர் தலையாட்டினால்தான் தாள் என் மேஜைக்கு வரும். உருதுப் பத்திரத்தில் 'காலா' என்று இருந்தால் ஆண்ட்டி என்று போட்டுவிட்டுப் போக மாட்டாள். அம்மாவின் சகோதரி என்று விரித்துத்தான் எழுதுவாள்.

"ஏண்டி உயிரை வாங்குற? ஆண்ட்டின்னு போட்டுத் தொலையேன்."

"இங்கிலீஷ்காரனுக்கு எல்லாரும் ஆண்ட்டிதான்க்கா. நம்ம வூட்ல அப்படியா?" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அரியலூரிலிருந்து மர்ஜியா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கூட அவள் அப்பா நிஜாமுதீன். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருந்தார். மர்ஜியாவின் புருஷன் வாசிம் சவுதி ஜுபைலில் வேலை பார்த்தான். பிறந்த மகளை அவன் இன்னும் கையில் தூக்கவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள கம்பெனி ஒருவழியாக அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் விசாவுக்குப் போன காகிதங்கள் ஒரு கேள்வியோடு திரும்பி வந்துவிட்டன. வரப்போகிறவர் மனைவியா, வீட்டு வேலைக்காரியா? அந்த மாதக் கடைசிக்குள் சரியான பதில் போகாவிட்டால் அனுமதி காலாவதி.

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பத்தில், நிக்காஹ் பத்திரத்தின் அடியில் பெண்ணின் தகப்பனார் கைப்பட ஒரு வரி எழுதுவார். நிஜாமுதீனும் எழுதியிருந்தார். வெளியூரில் யாரோ அதையும் சேர்த்து இங்கிலீஷில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

குல்சும் இரண்டையும் படித்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன் வழக்கப்படி அந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னாள். "என் மகளை உங்கள் வீட்டுக்கு வேலைக்காரியாகத் தருகிறேன்."

நிஜாமுதீன் எழுந்தே விட்டார். "யாரு, நானா? எம் பொண்ணையா?"

"நீங்க எழுதின வார்த்தை 'கனீஸ்'ங்க. அதுக்குப் பணிப்பெண், அடிமைப்பெண்ணுதான் இங்கிலீஷ்ல வரும்."

அவர் உட்கார்ந்தார். மகளைப் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்தார். மர்ஜியா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "விடுங்கப்பா, நீங்க வேணும்னேவா எழுதினீங்க?" என்றாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அந்த ஒரு வரியை விட்டுட்டு மீதியை அடிச்சுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"முழுசா மொழிபெயர்த்தேன்னு கையெழுத்துப் போடுறவ நான். ஒரு வரியை முழுங்கிட்டு எப்படிக்கா போடுறது?" என்றாள் குல்சும். மறுநாள் வரச் சொல்லி அவர்களை அனுப்பினாள்.

அன்று அவள் மத்தியானச் சோற்றைத் திறக்கவே இல்லை. டிக்‌ஷனரியைப் புரட்டுவதும், எழுதிக் கசக்கிப் போடுவதுமாக இருந்தாள். "டிக்‌ஷனரியில தப்பே இல்லைக்கா. அதான் வம்பு" என்றாள். பிறகு மெதுவாகத் தன் கதையைச் சொன்னாள். அவள் பத்திரத்திலும் அவளுடைய அப்பா அதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தாராம். கல்யாணத்துக்கு மறுநாள், உருது தெரியாத மாமியார், "உங்கத்தா என்னம்மா எழுதியிருக்காரு?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். புது மருமகள் எப்படிச் சொல்லுவாள்? 'என் மகளைத் தருகிறேன்னு எழுதியிருக்காரு மாமி' என்று சொல்லிவிட்டாள்.

"வந்த வூட்ல முதல் பேச்சே பொய். மாமி என்னைத் தாங்குறப்பல்லாம் அது உறுத்துதுக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணை இப்படி எழுதுறது என்னடி வழக்கம்?" என்று ஆரம்பித்தவள், பாதியில் என் கல்யாணம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். "எங்கப்பா மட்டும் என்னவாம்! 'ஒண்ணுந்தெரியாத பொண்ணு, நீங்கதான் பாத்துக்கணும்'னு எம் மாமியார் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவளை! அதை எவனாவது இங்கிலீஷ்ல போட்டா எனக்குப் புத்தி சரியில்லைன்னுல்ல நெனைப்பான்?"

குல்சும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "அப்ப நான் டிக்‌ஷனரிகிட்டக் கேக்கக் கூடாது. எழுதினவருகிட்டதான் கேக்கணும்" என்றாள்.

மறுநாள் நிஜாமுதீனிடம் கேட்டாள். "அந்த வரியை எழுதினப்ப மனசுல என்ன இருந்துச்சுங்க?"

"எம் பொண்ணை நல்லா வச்சுக்குங்கன்னு நேராக் கேக்க முடியுமாம்மா? கேட்டா, வச்சுக்க மாட்டீங்கன்னு சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். அதான் நாம கீழ எறங்கி எழுதுறது. நாம எறங்கினா அவங்க அவளைத் தூக்கி வச்சுக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை."

எனக்குக் கண் கலங்கியது. ரிப்பனை மாற்றுகிற சாக்கில் மெஷின் மேல் குனிந்துகொண்டேன்.

குல்சும் ஒரே மூச்சில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் சொன்னாள். "பணிவோடு என் மகளை உங்கள் குடும்பத்தின் பொறுப்பில் ஒப்படைக்கிறேன்." அதற்குக் கீழே, கனீஸ் என்ற சொல்லை அப்படியே காட்டி, இது பெண்ணின் தந்தை தன்னைத் தாழ்த்திக்கொண்டு மகள் என்பதற்குப் பதிலாகச் சொல்லும் மரியாதைச் சொல், பெண்ணின் வேலையையோ அந்தஸ்தையோ குறிப்பது அல்ல என்று ஒரு குறிப்பு. எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவும் இல்லை.

"நீங்க சொல்ல வந்தது இதுதானா?"

நிஜாமுதீன் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். நான் ஒரு எழுத்து பிசகாமல் அடித்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். கடையில் போன் அடித்தால் குல்சும் நிமிர்வாள், வேறு யாராவது என்றால் குனிந்துகொள்வாள். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது, அவள் எழுதிய குறிப்பு விசா ஆபீஸ்காரர்களைக் குழப்பிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மர்ஜியா நேரிலேயே வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. "விசா ஸ்டாம்ப் ஆயிடுச்சுக்கா! மனைவின்னே போட்டிருக்காங்க!" என்று குழந்தையை அப்படியே குல்சும் மடியில் போட்டாள். நிஜாமுதீன் பின்னாலேயே அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அன்றைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். கடை வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை.

அவர்கள் போன பிறகு குல்சும் அந்தக் குறிப்பின் கார்பன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருஷமா மாமிகிட்டப் பொய் சொல்லிட்டேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். "மகள்னு சரியாத்தான் சொல்லியிருக்கேன்."